கைப்பேசி இயங்குதளத்தில் ஓடும் கண்காணிப்புக் கேமராக்கள்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி வட்டாரங்களில் கேமரா பொருத்திக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ‘ஆண்ட்ராய்டு கேமரா இருக்கிறதா?’ என்று கேட்டு வருபவர்கள் எல்லோரும் அந்தப் பெயரால் ஒரே பொருளைக் குறிப்பிடுவதில்லை. கேமராவின் உள்ளேயே ஆண்ட்ராய்டு ஓடுவதைச் சிலர் சொல்கிறார்கள். அலமாரியில் கிடக்கும் பழைய கைப்பேசியைக் கேமராவாக மாற்றுவதைச் சிலர் சொல்கிறார்கள். வெளியூரில் இருந்தபடி கைப்பேசியில் கடையைப் பார்ப்பதையே மற்றவர்கள் சொல்கிறார்கள். மூன்றாவது வசதி இன்று சாதாரண டிவிஆரிலேயே (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) கிடைப்பதால், இந்தப் பக்கம் முதல் இரண்டைப் பற்றியது.

கேமராவுக்கு இயங்குதளம் எதற்கு? படம் பிடித்து அனுப்புவதுதானே அதன் வேலை?

கோஆக்சியல் கேபிளில் டிவிஆருக்குப் படம் அனுப்பும் பழைய வகைக் கேமராவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது ஏறத்தாழ சரி. அங்கே பதிவு செய்வதும் சுருக்குவதும் டிவிஆரின் வேலை. நெட்வொர்க் கேமரா அப்படியல்ல. ஒளியுணரியிலிருந்து வரும் படத்தைச் சீராக்கி, எச்.264 அல்லது எச்.265 முறையில் சுருக்கி, கடவுச்சொல் கேட்டு, உரியவருக்கு மட்டும் அனுப்பும் முழுக் கணினி அது. சுவீடனின் லுண்ட் நகரைச் சேர்ந்த ஆக்சிஸ் நிறுவனம் 1996-இல் முதல் நெட்வொர்க் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே கேமராவுக்குள் ஒரு கணினி குடியேறிவிட்டது. பிற்பாடு வந்தவற்றில் மிகப் பல லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஏதோ ஒரு சுருங்கிய வடிவத்தில் இயங்குகின்றன. ஆண்ட்ராய்டுக்கும் அடித்தளம் லினக்ஸ் கருவே. ஆகவே கைப்பேசி இயங்குதளம் கேமராவுக்குள் வந்தது புதிய குடியேற்றம் அன்று. அதே அடித்தளத்தின் மேல் இன்னொரு மாடி எழுந்திருக்கிறது.

கைப்பேசி இயங்குதளம் என்றால் ஆண்ட்ராய்டு மட்டும்தானா? ஐபோனுடையது கிடையாதா?

ஆப்பிள் தன் ஐஓஎஸ்ஸைப் பிற நிறுவனங்களுக்குத் தருவதில்லை என்பதால், ஐஓஎஸ் ஓடும் பிற நிறுவனக் கேமரா கிடையாது. 2019-இல் வந்த ஆப்பிளின் ஹோம்கிட் பாதுகாப்பு வீடியோ வசதியில்கூட, கேமரா தன் சொந்த மென்பொருளில்தான் ஓடுகிறது; படத்தில் இருப்பது ஆளா, நாயா, வண்டியா என்று பார்ப்பது வீட்டில் இருக்கும் ஆப்பிள் டிவி போன்ற இன்னொரு கருவி. ஆண்ட்ராய்டின் மூல நிரல் எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமத்தில் வெளியாவதால், கேமரா செய்பவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இப்படிச் செய்யப்பட்ட கேமராவில் பிளே ஸ்டோரோ யூடியூபோ இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். திறந்த மூலப் பகுதி மட்டும் அங்கே இருக்கும். கூகுளின் சேவைகள் தனி உரிமத்துக்கு உட்பட்டவை.

கைப்பேசிக்கு எழுதியதைக் கேமராவில் போடுவதால் என்ன லாபம்?

முதலாவது, சிப். கைப்பேசிச் சந்தையின் அளவு காரணமாக, படத்தைச் சீராக்கும் பகுதி, சுருக்கும் பகுதி, படத்தில் இருப்பது என்ன என்று அடையாளம் காண்பதற்கான நரம்பியல் வலைக் கணக்குகளைப் போடும் பகுதி ஆகிய மூன்றும் ஒரே சிப்பில், குறைந்த மின்சாரத்தில் கிடைக்கத் தொடங்கின. குவால்காம் 2018 ஏப்ரலில் கேமராக்களுக்கென்றே அறிவித்த கியூசிஎஸ்605 சிப் இந்த வழியில் வந்தது. கைப்பேசிக் குடும்பத்துச் சிப்பை எடுத்துக்கொண்ட பிறகு, அதற்கென ஏற்கெனவே சீர்செய்யப்பட்ட இயங்குதளத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வது இயல்பு.

இரண்டாவது, செயலிகள். எனக்கு இதுவே முதன்மையான காரணமாகத் தோன்றுகிறது. எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருப்பவருக்குத் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில், எந்த மணியில் எத்தனை பேர் கடைக்குள் வந்தார்கள் என்ற கணக்கு வேண்டும். பொங்கல் கழிந்தபின் அது தேவையில்லை. மணலிப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் யார்டில் வண்டி எண்ணைப் படித்து நேரத்துடன் குறித்துக்கொள்ள வேண்டும். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஓய்ந்து கட்டப்பட்டிருக்கையில், இரவில் படகில் ஏறுபவரை மட்டும் கண்டு சொன்னால் போதும். அலை அசைவுக்கெல்லாம் மணி அடிக்கக் கூடாது. இம்மூன்றுக்கும் பழைய முறையில் மூன்று வெவ்வேறு கேமராக்கள் அல்லது விலையுயர்ந்த சர்வர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். கைப்பேசியில் செய்வதுபோல, ஒரே கேமராவில் வேண்டிய செயலியை ஏற்றி, வேண்டாதபோது நீக்கிவிடலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் கருத்து.

இதை ஒரு தொழிலாகவே தொடங்கியவர்கள் போஷ் குழுமத்தினர். 2018-இல் மியூனிக்கில் ‘செக்யூரிட்டி அண்ட் சேஃப்டி திங்ஸ்’ என்ற நிறுவனத்தை அவர்கள் ஏற்படுத்தினார்கள். 2021-இல் அதன் பெயர் அசீனா என்று மாறியது. ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின் மேல் கேமராவுக்கான இயங்குதளம் ஒன்றை உருவாக்கி, பல நிறுவனங்களின் கேமராக்களுக்கும் பொதுவான செயலிக் கடை ஒன்றை அவர்கள் திறந்தார்கள். அதே 2018-இல் போஷ், ஹன்வா, விவோடெக் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து திறந்த பாதுகாப்புக் கூட்டமைப்பு ஒன்றையும் அமைத்தன.

மூன்றாவது, உள்ளமைப்பு. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தனிப் பயனராகக் கருதப்பட்டுத் தன் அறைக்குள் அடைக்கப்படுகிறது. ஆள் எண்ணும் செயலியில் ஓட்டை இருந்தாலும், அதன் வழியாகப் பதிவுகளையோ கடவுச்சொற்களையோ எளிதில் எட்டிவிட முடியாது.

சாதாரண லினக்ஸ் கேமராவில் செயலி போட முடியாதா?

முடியும். ஆக்சிஸ் நிறுவனம் 2009 முதலே தன் கேமராக்களில் வெளியார் எழுதிய செயலிகளை அனுமதித்து வருகிறது. ஆனால் அங்கே எழுதிய செயலி அந்த நிறுவனத்தின் கேமராவில்தான் ஓடும். வேறு நிறுவனத்துக்கு மாறினால், செயலிக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். ஆண்ட்ராய்டு அடிப்படையிலான முயற்சி தீர்க்க வந்தது இந்தச் சிக்கலை.

அதற்கு ஒரு விலை உண்டு. எளிய லினக்ஸ் கேமரா சில பத்து மெகாபைட் நினைவகத்தில் வண்டியை ஓட்டிவிடும். ஆண்ட்ராய்டுக்கு ஜிகாபைட் கணக்கில் வேண்டும். சிப் பெரிது, சூடு அதிகம், மின்சாரம் போய் வந்தால் எழுந்து உட்கார எடுக்கும் நேரமும் அதிகம். விலையும் அதற்கேற்ப ஏறுகிறது.

அப்படியானால் என் கடைக்கு இது தேவையா?

பத்துக்குப் பத்து மளிகைக் கடைக்கும், நான்கு வீடுகள் கொண்ட ஒண்டுக்குடித்தன வாசலுக்கும் தேவையில்லை என்பதே என் கருத்து. அங்கே வேண்டியவை தெளிவான படம், சரியான கோணம், இரவில் முகம் தெரிய வெளிச்சம் ஆகியவை. இவை மூன்றையும் எந்த இயங்குதளமும் உங்களுக்குத் தராது. கல்லாவுக்கு நேர் மேலே கேமராவை வைத்துவிட்டு வருபவர்களின் உச்சந்தலையை மட்டும் பதிவு செய்துகொண்டிருக்கும் கடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே செயற்கை நுண்ணறிவு எண்ணிக்கொண்டிருக்கப்போவது வழுக்கைகளைத்தான்.

எண்ணிக்கையோ வண்டி எண்ணோ உங்கள் தொழிலின் அன்றாடத் தேவையாக இருந்தால் கணக்கு மாறுகிறது. யார்டு, குளிர்பதனக் கிடங்கு, பெரிய ஜவுளிக் கடை, திருமண மண்டபம் போன்ற இடங்களில் ஒரு கேமராவுக்கேனும் முயன்று பார்க்கலாம். வண்டி எண் படிப்பதில் ஒரு குறிப்பு: 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர்பாதுகாப்பு எண்பலகையைச் செயலிகள் நன்றாகப் படிக்கின்றன. தலைவர் படமும் சாய்ந்த எழுத்துமாக இருக்கும் பழைய பலகைகளில் தடுமாறுகின்றன. ஆகையால் விற்பவர் காட்டும் மாதிரிக் காட்சியை நம்பாமல், உங்கள் வாசலில், உங்கள் வண்டிகளை வைத்து, இரவிலும் ஒருமுறை சோதித்துக்காட்டச் சொல்லுங்கள்.

பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியையே கேமராவாகப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், எதற்கு என்பதில்தான் கவனம் வேண்டும். இரண்டு நாள் ஊருக்குப் போகும்போது வீட்டுக் கூடத்தைப் பார்க்க, தொட்டிலில் குழந்தை விழித்துவிட்டதா என்று அடுப்படியிலிருந்து பார்க்க, படுத்திருக்கும் பெரியவரைக் கவனிக்க அது நல்ல வழி. ஐபி வெப்கேம், ஆல்ஃபிரட் போன்ற செயலிகள் இதற்கென்றே இருக்கின்றன.

தெருவைப் பார்த்தபடி ஆண்டுக்கணக்கில் ஓட வைக்க அது உகந்ததல்ல. பேட்டரியைச் சேமிக்கப் பின்னணியில் இருக்கும் செயலிகளை உறங்கவைப்பது 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் இயங்குதளத்தின் குணமாகிவிட்டது. பின்னணியில் இருக்கும் செயலி கேமராவைத் தொடவே கூடாது என்று 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 தடை போட்டது. உளவுச் செயலிகளிடமிருந்து உங்களைக் காப்பதற்காக வைத்த பூட்டு அது. நீங்களே கேமராவாக மாற்றும்போது அதே பூட்டு உங்களுக்குத் தடையாகிறது: செயலி திரையின் முன்னால் இருக்க வேண்டும், அல்லது மேலே நிலையான அறிவிப்பு ஒன்றைக் காட்டிக்கொண்டே ஓட வேண்டும். யாராவது ஒரு அழைப்பை எடுக்கப்போய் செயலி மூடிக்கொண்டால், பதிவு நின்றதே உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது சூடு. என் பட்டறையின் சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியில், பரணில், ஒரு பழைய கைப்பேசியைச் சார்ஜரோடு இணைத்து வைத்து ஒரு கோடையைக் கழித்துப் பார்த்தேன். மே மாதம் முடிவதற்குள் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிவிட்டது. நல்லவேளையாக எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜிலும் வெப்பத்திலும் ஒருசேர வைத்திருப்பது அதன் ஆயுளை விரைவாகக் குறைக்கும். செய்துதான் ஆக வேண்டுமென்றால் குறித்த நேரத்தில் தானே அணையும் டைமர் பிளக் ஒன்றைப் போட்டுச் சில மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏற விடுங்கள். கைப்பேசியைத் துணி, அட்டை, மரத்தூள் எதற்கும் அருகில் வைக்காதீர்கள்.

இரவுப் பார்வையும் கிடைக்காது. கண்காணிப்புக் கேமராவில் அந்தி சாயும் நேரத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும்; அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வில்லை விலகும் சத்தம் அது. அதன்பின் கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளின் ஒளியில் அது பார்க்கிறது. கைப்பேசியில் அந்த வில்லை அசையாது, விளக்குகளும் இல்லை.

கேமராவைப் பிறர் கைப்பற்ற முடியாதபடி ஆண்ட்ராய்டு காக்குமா?

ஓரளவு காக்கும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், உலகெங்கும் இருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது. அதற்கு மந்திர வித்தை எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய, எவரும் மாற்றாத பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது; கதவு திறந்தது. அப்படிச் சேர்த்த படையைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரியைக் காட்டும் சேவை தந்த டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பலருக்கும் திறக்கவில்லை.

எந்த நிரல் எதைத் தொடலாம் என்று வரையறுப்பதும் ஆண்ட்ராய்டு 5 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளதுமான எஸ்இலினக்ஸ் கட்டுப்பாடு, தொடங்கும்போதே மென்பொருளை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று சரிபார்க்கும் ஏற்பாடு ஆகியவை இத்தகைய தாக்குதலைக் கடினமாக்குகின்றன. இருந்தும், பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் வரையில்தான் இந்தக் காவலுக்குப் பொருள் உண்டு. கைப்பேசியை மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம். சுவரில் திருகிய கேமராவை எட்டுப் பத்து ஆண்டுகள் தொடுவதில்லை. இந்த இரண்டு ஆயுள்களுக்கும் உள்ள இடைவெளியே கைப்பேசி இயங்குதளக் கேமராக்களின் பெரிய பலவீனம் என்று நான் கருதுகிறேன். கூகுளே சிறு கருவிகளுக்கென ஆண்ட்ராய்டு திங்ஸ் என்ற இயங்குதளத்தை 2016 டிசம்பரில் அறிவித்தது. 2018 மே மாதத்தில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. 2019 பிப்ரவரியில் அதன் வீச்சைச் சுருக்கிக்கொண்டு, பின்னர் 2022-இல் மூடியும் விட்டது. ஆகவே ‘எந்த ஆண்ட்ராய்டு?’ என்று கேட்பதைவிட, ‘எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் தருவீர்கள்? அதை எழுதித் தருவீர்களா?’ என்று கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

இந்தியாவில் விற்கப்படும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024-இல் அறிவித்த விதி, 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. பெட்டியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடையின் இணைய இணைப்பு இதைத் தாங்குமா?

கேமராவுக்குள்ளேயே படத்தைப் புரிந்துகொள்ளும் செயலி ஓடுவதன் பலன் இங்கேதான் தெரிகிறது. ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் இடைவிடாமல் அனுப்பினால் மணிக்கு 1.8 ஜிகாபைட், நாளுக்கு 43.2 ஜிகாபைட், முப்பது நாளில் ஏறத்தாழ 1.3 டெராபைட். நான்கு கேமராக்களின் முழுப் பதிவையும் கிளவுடுக்கு ஏற்றுவது நம் கடைகளின் இணைப்புகளுக்கு வீண் சுமை. கேமராவே பார்த்து, ‘இரவு 2.10-க்கு ஷட்டர் அருகே ஆள்’ என்ற வரியையும் பத்து விநாடிக் காட்சியையும் மட்டும் அனுப்பினால் போதுமானது. முழுப் பதிவு கடையில் உள்ள ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும்.

உப்புக் காற்று, மின்வெட்டு, வெள்ளம் ஆகியவற்றுக்கு இதில் தீர்வு உண்டா?

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கரையோரத்தில் கேமராக்களைக் கொல்வது மென்பொருள் அன்று. திருகாணியிலும் கேபிள் முனையிலும் பிடிக்கும் துரு. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி, தூசியும் நீரும் புகாத ஐபி66 அல்லது ஐபி67 தரக் கூடு, இணைப்பு முனைக்கு மூடிய பெட்டி ஆகியவற்றுக்குச் செலவிடும் பணம் வீணாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வடசென்னையின் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கேமரா சுவரில் உயரத்தில் இருக்க, பதிவுப் பெட்டியைத் தரையோடு தரையாக வைப்பதில் பொருளில்லை. அதைப் பரணில் வையுங்கள்.

மின்வெட்டில் மட்டும் இயங்குதளம் கைகொடுக்கும் ஓர் இடம் உண்டு. மென்பொருளைப் புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால், பழைய வகைக் கேமரா மீண்டும் எழாமல் செங்கல்லாகிவிடக்கூடும். ஆண்ட்ராய்டு 7-இல் வந்த இரட்டைப் பகிர்வு முறையில், ஓடிக்கொண்டிருக்கும் பகுதியைத் தொடாமல் இன்னொரு பகுதியில் புதியதை எழுதி, முழுமையடைந்த பின்னரே மாறுகிறார்கள். இடையில் நின்றாலும் பழையது எழுந்து ஓடும். வாங்கப்போகும் மாடலில் அந்த முறை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தாலும் சிறிய யூபிஎஸ் ஒன்றை வைத்துவிடுங்கள்.

முகத்தை அடையாளம் காணும் செயலியைக் கடையில் போடலாமா?

தொழில்நுட்பப்படி முடியும். நான் போட்டுத் தருவதில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்கு விலக்கு அளிக்கிறது. வியாபாரத்துக்கு அந்த விலக்கு இல்லை. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், ஒரே தெருவில் மூன்று தலைமுறையாகப் பழகியவர்களை ஒரு கருவி தவறாகத் திருடன் என்று காட்டிவிட்டால், அந்தப் பகையைத் தீர்க்க எந்த அப்டேட்டும் வராது.

பதிவான காட்சி நீதிமன்றத்தில் செல்லுமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலுடன் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்; கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) அதில் குறிக்கப்பட வேண்டும். காவலர்கள் கேட்டு வரும்போது திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது துப்புக்கு உதவலாம், சாட்சியத்துக்கு அது போதாது. மூலப் பதிவு அழிந்துபோகாமல் ஹார்டு டிஸ்கில் காப்பாற்றி வையுங்கள். இன்னொன்று, நேரம். இணையத்தோடு இணைந்த கேமரா தன் கடிகாரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். தனித்து நிற்கும் பழைய டிவிஆர்கள் பலவற்றில் நேரம் முன்பின்னாகத்தான் இருக்கிறது.

என்னிடம் ஏற்கெனவே இருக்கும் டிவிஆருடன் சேருமா?

கோஆக்சியல் கேபிள் மட்டும் ஏற்கும் டிவிஆருடன் சேராது. நெட்வொர்க் கேமராக்களையும் ஏற்கும் டிவிஆரோ, நெட்வொர்க் கேமராக்களுக்கான பதிவுப் பெட்டியான என்விஆரோ இருந்தால், அந்தப் பெட்டியும் கேமராவும், வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று இணைவதற்கான ஓன்விஃப் பொதுத்தரத்தைப் பின்பற்றுகின்றனவா என்று பாருங்கள். ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய மூன்றும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய தரம் அது. படம் பெரும்பாலும் வந்துவிடும். கேமராவின் உள்ளே ஓடும் செயலியின் முடிவுகள் மட்டும் பழைய பெட்டியில் தெரியாமல் போகலாம்.

கேமராவைக் கழற்றி விற்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் மெமரி கார்டை எடுத்துவிடுங்கள், அதை விற்காதீர்கள். அடுத்து, உங்கள் கைப்பேசிச் செயலியின் கணக்கிலிருந்து கேமராவை நீக்குங்கள். நீக்காமல் விற்றால் வாங்கியவரால் தன் கணக்கில் சேர்க்க முடியாமல் போகும். அல்லது அவர் வீட்டுக் கூடம் உங்கள் கைப்பேசியில் தெரிந்துகொண்டிருக்கும். அதன்பின் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து, உங்கள் வைஃபை பெயர் அதில் இல்லை என்பதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.